மாறமாட்டார்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

புலாவ் செபாங், தம்பின், காடேக், தெபோங் வட்டாரத்துக் கோயில் நிர்வாகத்தினர், பள்ளி வாரியத்தினர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், இளைஞர் இயக்கத்தினர் அனைவருக்கும்:

நான் தோட்டத்து ஆபிசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களில் பாதிப் பேரின் அப்பா அம்மாவுக்கு விடியற்காலைப் பெரட்டில் பெயர் வாசித்தவன். அந்த உரிமையில் கொஞ்சம் காரமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டமானாலும், பொருளாளர் கணக்கு வாசித்து முடித்த கையோடு யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறீர்கள்: "நாம என்ன கொண்டு வந்தாலும் நம்ம ஆளுங்க மாறமாட்டாங்க சார்." அர்ச்சனைச் சீட்டுக்குக் கியூஆர் வைத்தோம், சீண்டுவார் இல்லை. புலனத்தில் பாரம் அனுப்பினோம், பாதிப் பெற்றோர் நிரப்பவில்லை. சொந்தத் தொழில் பார்ப்பவர்களை ஊழியர் சேமநிதியின் (இபிஎஃப்) ஐ-சாரான் திட்டத்தில் சேமிக்கச் சொன்னோம், தலையாட்டிவிட்டுப் போனார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், சிரிப்போடு: "எல்லாம் தோட்டத்துப் புத்தி."

அந்தக் கடைசி மூன்று சொல்லுக்காகத்தான் இந்த மடல்.

மலாக்காவில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதுதான் எனக்கு வேடிக்கை. புது வழக்கத்தை யார் ஏற்றார், யார் மறுத்தார் என்பதற்கு மலேசியாவிலேயே பெரிய கதை நம் மாநிலத்தில்தான் நடந்தது. அதில் மறுத்தவர்கள் தோட்டத் தொழிலாளிகள் அல்ல. வெள்ளைக்காரத் துரைமார்கள்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன எழுபதாயிரம் ரப்பர் விதைகளில் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை சில ஆயிரம். அந்தச் செடிகளில் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த மரங்கள் சும்மாவே நின்றன. 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ஹென்றி நிக்கலஸ் ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். பட்டையை மெல்லிசாகச் சீவி, அதே காயத்தை அடுத்தடுத்துத் திறந்துகொண்டே போவது. பிறகு பைநிறைய விதையை வைத்துக்கொண்டு, பார்க்கிற துரையின் சட்டைப்பையில் எல்லாம் திணித்தார். 'மேட் ரிட்லி' என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். பைத்தியக்காரன் என்று சொன்னவர்கள் எல்லாரும் படித்தவர்கள், முதல் உள்ளவர்கள், லண்டன் பத்திரிகை வாசிப்பவர்கள்.

ஏன் மறுத்தார்கள்? முட்டாள்கள் என்பதால் அல்ல. காப்பி விலை நன்றாக இருந்தது. ரப்பர் போட்டால் ஆறு ஏழு ஆண்டு ஒரு காசு வராது. அந்தக் கணக்கில் தப்பே இல்லை.

அப்புறம் யார் போட்டார்? மலாக்காவின் பாபா சீனர் டான் சாய் யான், சிங்கப்பூர் டான் டோக் செங்கின் பேரன். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர். இரண்டு ஆண்டு கழித்துப் புக்கிட் அசகானில் சுமார் மூவாயிரம் ஏக்கர். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள், "தைரியசாலி" என்று ஆசிரியரும் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனால் அந்த ஆளிடம் இருந்த இன்னொன்றைப் பாடநூல் கண்டுகொள்வதில்லை: மரவள்ளி. அந்தக் காலத்தில் மலாக்காச் சீன முதலாளிகளின் பயிரே அதுதான். அசகானில் மரவள்ளியின் ஊடே ரப்பர் கன்றை நட்டார். மரவள்ளி சீக்கிரம் விளைந்து கூலியையும் அரிசியையும் பார்த்துக்கொண்டது, கன்று தன்பாட்டுக்கு வளர்ந்தது. ரப்பர் பொய்த்துப் போயிருந்தாலும் அவர் வீட்டில் உலை கொதித்திருக்கும். துரைமார்களுக்கு ரிட்லி விதை கொடுத்தார், முறை கொடுத்தார், புத்தி சொன்னார். காத்திருக்கும் ஆண்டுகளில் என்ன சாப்பிடுவது என்பதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. டான் சாய் யானிடம் இருந்தது.

பிறகு பிரேசில் காப்பி உலகச் சந்தையில் கொட்டி விலை விழுந்தது, பூச்சியும் சேர்ந்துகொண்டது. பைத்தியம் என்று சிரித்த துரைமார்கள் ஓடி வந்து ரப்பர் நட்டார்கள். 1910இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டியது. ரிட்லி நூறு வயது வரை வாழ்ந்து 1956இல்தான் இறந்தார். சிரித்தவர்களைப் பார்த்துத் திருப்பிச் சிரிக்க அவருக்கு நிறைய காலம் இருந்தது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன். புதிதாக ஒன்றை ஒருவர் ஏற்கவில்லை என்றால் அவர் புத்தியைச் சந்தேகிக்கும் முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இது பொய்த்துப் போனால் நட்டம் யார் தலையில் விழும்?

நம்மவர்கள் பக்கம் வருவோம். ரிட்லியின் முறை காகிதத்தில் இருந்த வரைக்கும் அது வெறும் முறை. அதைக் கோடிக்கணக்கான மரங்களில் நடத்திக் காட்டியது நம் தாத்தா பாட்டிகளின் கை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில், பட்டையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சீவ வேண்டும். மேலாகச் சீவினால் பால் வராது, ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மண்டோர் வந்து தடவிப் பார்த்துக் கத்துவார். கிராமத்தில் ஏர் பிடித்தவர்கள், களை பறித்தவர்கள், ரப்பர் மரத்தைக் கண்ணால் பார்த்திராதவர்கள், கப்பலை விட்டு இறங்கிச் சில வாரத்தில் அதைக் கற்றுக்கொண்டார்கள். மாறாத ஆட்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

பின்னாளில் பால் கூடுதலாக வர மருந்து பூசும் காலம் வந்தது. எத்ரல் என்பார்கள். நான் வேலை பார்த்த தோட்டத்தில் மருந்து டின்னைத் திறந்த அன்று ஒரு அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "இப்ப ரெண்டு வாளி வரும் சரி. மரம் காஞ்சு போச்சுன்னா எனக்கு வேற நெறை குடுப்பீங்களா?" கேட்டது நியாயம். அளவுக்கு மீறித் தூண்டினால் வெட்டுப்பட்டை வறண்டுபோவது உண்டு, ரப்பர் ஆராய்ச்சிக் கழகமே ஒப்புக்கொள்ளும் விஷயம் அது. பால் எடைக்குத் தக்கக் காசு வாங்குகிறவருக்கு, காய்ந்த மரம் ஒவ்வொன்றும் சம்பளத்தில் ஓட்டை. துரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மருந்து பூசினார்கள், உத்தரவு உத்தரவுதானே. ஆனால் முணுமுணுத்துக்கொண்டே பூசினார்கள். ஆபிசில் எங்களுக்கு அது 'ஒத்துழைப்பின்மை' என்று பட்டது.

சிறுதோட்டக்காரர்கள் கதையும் இதேதான். கன்றை நெருக்கி நெருக்கி நடுகிறார்கள், அறியாமை என்று அதிகாரிகள் காலகாலமாக எழுதி வைத்தார்கள். 1946இல் பி. டி. பாயர் என்ற பொருளியலாளர் நேரில் வந்து சிறுதோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். நெருக்கி நடுவது அறியாமை அல்ல, அவர்கள் நிலைமைக்கு அதுதான் கணக்கு என்று எழுதினார். அதன் பிறகு பழைய மரத்தை வெட்டிவிட்டுப் புது ரகம் போடச் சொன்னபோது சிறுதோட்டக்காரர்கள் தயங்கினார்கள். மறுநடவு நிதி 1952இல் சட்டமானது, மானியம் ஏற ஏறத்தான் கோடரி எடுத்தார்கள். அந்த மானியம் அவர்களுக்கு மரவள்ளி.

செம்பனைக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. 1981க்கு முன் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். மகரந்தத் தூளைப் பவுடரோடு கலந்து, குழாய் வைத்த புட்டியால் பெண் பூவுக்குள் ஊதிவிட ஒரு கும்பலே நிரை நிரையாக நடக்கும். மலாயாவில் அந்த வேலையைச் செய்யச் சரியான பூச்சி இல்லை. யூனிலீவரின் லெஸ்லி டேவிட்சன் கேமரூனில் இருந்தபோது அங்கே ஒரு வண்டு அதைச் செய்வதைக் கவனித்தவர். ரஹ்மான் சையது என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ஆராய்ந்து உறுதிப்படுத்த, 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்த வண்டை விட்டார்கள். ஓராண்டு இரண்டாண்டுக்குள் தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது. குலை கனத்தது, ஊதுகிற வேலை ஒழிந்தது. நிர்வாகங்கள் கூட்டம் போட்டு விவாதிக்கவே இல்லை, அவ்வளவு வேகமாக ஏற்றுக்கொண்டன. புட்டியைத் தூக்கி நடந்த பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று எந்த அறிக்கையில் தேடுவது?

இன்னொரு புதுமையை அதே தொழில் எப்படி ஏற்றது என்று பாருங்கள். தினக்கூலி வேண்டாம், மழை பெய்தாலும் வயிறு இருக்கிறது, மாதச் சம்பளம் கொடுங்கள் என்று தோட்டத் தொழிற்சங்கம் பல பத்தாண்டுகள் கேட்டது. பேச்சுவார்த்தை, ஆய்வுக்குழு, மறுபடியும் பேச்சுவார்த்தை. கடைசியில் சட்டம் வந்து, 2013 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் என்று குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயித்தது. வண்டை ஏற்க ஓராண்டு, சம்பளத்தை ஏற்க ஒரு தலைமுறைக்கு மேல். அந்த நிர்வாகங்களை யாரும் 'துரைப் புத்தி' என்று சொல்லவில்லை.

நம்மவர்கள் பெரிய ஆபத்தை ஏற்ற நேரமும் உண்டு. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின, வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியே பணம் போட்டுத் தோட்டத்தை வாங்குவது. அன்றைக்குக் காதில் விழுந்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய் லயத்துக்கு முன் நின்று பேசினார். மொத்தமாகக் கேட்கவில்லை, பத்துப் பத்து வெள்ளியாகக் கேட்டார். கெடாவில் புக்கிட் சீடிம் முதல் தோட்டமாகக் கைக்கு வந்ததும் 'இதோ, மண்' என்று காட்ட முடிந்தது. கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். சும்மா இருந்தால் இருக்கிற கூரையும் போய்விடும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது, கேட்க வந்தவர் தெரிந்த முகம், கொடுத்தது தவணையாக. இந்த மூன்றும் கூடி வந்த இடத்தில் தோட்டத்துப் புத்தி எங்கே போயிற்று?

சரி, இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். உங்கள் கியூஆர் அட்டைக்கே வருகிறேன்.

நம் பக்கத்துக் கோயில் ஒன்றின் அர்ச்சனைச் சீட்டு மேசையை ஒரு வெள்ளிக்கிழமை மாலை பார்த்துக்கொண்டு நின்றேன். இளஞ்சிவப்பு நிறத்தில் டுயிட்நவ் அட்டை, அதன் மேல் பாதியை மறைத்துக்கொண்டு குங்குமத் தட்டு. வந்த பாட்டிமார்கள் எல்லாம் முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டாகவே கொடுத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது உங்கள் புகாருக்குச் சாட்சி. ஆனால் அதே பாட்டிமார்களை 2025 செப்டம்பரில் தம்பின் பேரங்காடியில் பார்த்தீர்களா? ஆகஸ்டு 31 முதல் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் அடையாள அட்டையிலேயே 100 ரிங்கிட் சாரா உதவி வந்தது. ஐசியைக் கொடுத்து அரிசி, மைலோ, சோப்பு வாங்கினார்கள். முதல் நாள்களில் நாடு முழுக்க சிஸ்டம் திணறியது, மறுநாள் போய் வாங்கினார்கள். பட்டறை நடத்தியது யார்? யாருமில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாங்கினதைப் பார்த்து வாங்கினார்கள்.

இரண்டுமே பணமில்லாப் பரிவர்த்தனைதான். சாராவில் தவறு நடந்தால் பாட்டியின் கைக்காசு போகாது. அட்டை அவர் பையில் ஏற்கெனவே இருக்கிறது. கவுண்டரில் உள்ள பெண் பார்த்துப் பழகியவள். கியூஆருக்கோ கைப்பேசி வேண்டும், அது பேரனுடையது. வங்கி ஆப் வேண்டும், அதைத் திறந்தால் சேமிப்பு முழுக்கத் திறக்கிறது. 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டது' என்று யாரோ போலீஸ் போல் பேசி, யாரோ ஒருவரின் இபிஎஃப் பணத்தையே துடைத்த கதை தாமானுக்குத் தாமான் உண்டு. ஐந்து ரிங்கிட் அர்ச்சனைக்காக அந்தக் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார் பாட்டி. அன்று மேசையருகே ஒரு பாட்டி சொன்னதையும் கேளுங்கள்: "நோட்டக் குடுத்தா சீட்டு வருது. போன்ல குடுத்தா 'காசு வந்துச்சா வரலையா'ன்னு உங்க ஆளே ரெண்டு பேர கேக்குறான்."

இன்னும் ஒன்று. புதிதாக வந்த எதையும் 'இது எத்தனை நாளைக்கு?' என்று கேட்பது நம் வட்டாரத்தில் அனுபவத்தால் வந்த பழக்கம். நம் புலாவ் செபாங் நிலையத்திலிருந்து மலாக்கா நகருக்கு 1905இல் ரயில் பாதை போட்டார்கள். ஜப்பான்காரன் வந்து அதைப் பிடுங்கிச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனான், நம் ஆள்களையும் சேர்த்துத்தான். இன்று வரை மலாக்கா நகருக்கு ரயில் இல்லை. பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு வேறு உதாரணமே தேவையில்லை: 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்று மடிக்கணினி கொடுத்துப் பயிற்சி கொடுத்து ஆசிரியர்களை மாற்றினார்கள், 2009இல் அதைக் கைவிடுவது என்று முடிவெடுத்தார்கள். விழுந்தடித்து மாறியவரும் மெல்ல நகர்ந்தவரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். இதைப் பார்த்த ஆசிரியை, அடுத்த புதுத் திட்டத்துக்கு உடனே துள்ளிக் குதிப்பார் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்?

எல்லா மறுப்பும் ஞானம் என்று சொல்ல வரவில்லை. வெறும் சோம்பல் உண்டு, வீம்பு உண்டு, 'அவன் கொண்டுவந்ததா, அப்ப வேண்டாம்' என்கிற நம் பரம்பரை வியாதியும் உண்டு. மூன்றையும் சங்கக் கூட்டங்களில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுக் கூட்டம் முடிந்து அறுபது நாளுக்குள் கணக்கைச் சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும், அதுவும் இப்போது இரோசஸ் வழியாக இணையத்தில். பாஸ்வேர்டு முன்னாள் செயலாளரிடம் இருக்கிறது, அவரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று எத்தனை சங்கம் இழுத்தடித்திருக்கிறது? வரவு செலவைக் கோயில் பலகையில் ஒட்டச் சொன்னால் 'அடுத்த வருஷம் பார்ப்போம்'. பொருளாளராக ஒரு பெண் வரட்டும் என்றால் தொண்டையைச் செருமுகிறீர்கள். பாட்டி கியூஆரை ஏற்கவில்லை என்று கவலைப்படும் நிர்வாகம் இந்த மூன்றையும் ஏற்க எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டது என்று குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

ஆகவே என் வேண்டுகோள் சுருக்கமானது. அடுத்த கூட்டத்தில் புதிதாக எதையாவது முன்மொழியும்போது, 'பொய்த்தால் யார் பொறுப்பு' என்று ஒரு வரியைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். கியூஆரில் போட்ட காசு வந்து சேரவில்லை என்று யாராவது சொன்னால், விசாரணை பிறகு, சீட்டு முதலில். அந்த நட்டத்தைச் சங்க நிதி ஏற்கட்டும், மாதத்துக்கு ஐம்பது ரிங்கிட் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். உண்டியலையும் சில்லறை டப்பாவையும் எடுக்காதீர்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். பாரம் நிரப்பாத பெற்றோருக்கு மறுபடி மறுபடி புலனத்தில் அனுப்பாமல், சனிக்கிழமை காலை பள்ளிக் கேண்டீனில் ஒரு மேசை போட்டு ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் அக்காவை உட்கார வையுங்கள். ஐ-சாரானைப் பற்றிப் பேச வெளியூர் அதிகாரியைக் கூப்பிடும் முன், போட்டு எடுத்த நம்மூர் ஆள் ஒருவர் கணக்கு அறிக்கையோடு வந்து பேசட்டும். அவர் கடன்பட்டுக் கட்டியிருந்தால் அதையும் சொல்லட்டும்.

கணக்கைப் பலகையில் ஒட்டுவதை மட்டும் இந்த மாதமே தொடங்கிவிடுங்கள். அதற்கு எந்த ஆப்பும் வேண்டாம், நான்கு ஆணி போதும். பொருளாளருக்கு நேரமில்லை என்றால் என்னிடம் ரசீதுக் கட்டைக் கொடுத்தனுப்புங்கள், கிராணி வேலை கைக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்புடன்,
புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் குடியிருக்கும் ஒரு பழைய கிராணி